ஈக்வடார் எரிமலைகளில் வழிகாட்டியோடு ஏறப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மலையேற்ற நிறுவனங்களிடம் விசாரித்தால் முதலில் நமக்குக் காட்டுவது சிகரத்தின் படத்தையும் விலையையும்தான். இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கயிற்றில் எத்தனை பேர், பெரிய மலைக்கு முன்னால் உயரத்தில் எத்தனை இரவு தூங்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

கயிற்றுக் கணக்கு ஏன் முக்கியம் என்று நான் கயாம்பே மலையில் கற்றுக்கொண்டேன். பனிப்பாறையில் ஏறும்போது எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்போம், முன்னால் வழிகாட்டி, பின்னால் நாம். யாராவது பனிப்பிளவுக்குள் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்கத்தான் அந்தக் கயிறு, அதனால் ஒருவரை மட்டும் அவிழ்த்துக் கீழே அனுப்ப முடியாது. என் கயிற்றில் இருந்தவர் அதற்கு இரண்டு நாள் முன்புதான் விமானத்தில் வந்து இறங்கியவர், நிறுவனமும் அவரை அப்படியே எங்களோடு சேர்த்துவிட்டது. 5,300 மீட்டர் வாக்கில் குனிந்து வாந்தி எடுத்தார். அவர் திரும்பினார், கூடவே நானும் திரும்பினேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அட்டவணை போட்டவர்கள்மேல்தான் கோபம். ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேர் என்பதுதான் அங்கே வழக்கம். காசு இருந்தால் ஒருவருக்கு ஒருவர் என்று எடுங்கள். இல்லாவிட்டால் கூட வருபவர் எத்தனை நாளாக உயரத்தில் இருக்கிறார் என்றாவது கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டியே வேண்டாம், நானே ஏறுகிறேன் என்று பயணியாகப் போகிறவர் சொல்ல முடியாது. பனி மூடிய சிகரங்களுக்குச் சான்று பெற்ற வழிகாட்டி கட்டாயம். அந்நாட்டு மலை வழிகாட்டிகளின் சங்கத்துக்கு அசெகிம் என்று பெயர். உங்களோடு வரப்போகிறவர் அதன் சான்று பெற்றவரா என்று தயங்காமல் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது தூக்கக் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. தலைநகர் கீட்டோவே 2,850 மீட்டரில் இருப்பதால் ஊரில் படுத்துத் தூங்குவதே பாதி வேலை. முதல் இரண்டு நாள் தெருவில் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தள்ளிப்போடுங்கள். அப்புறம் கேபிள் காரில் 4,000 மீட்டர் அருகே போய், அங்கிருந்து ருக்கு பிச்சிஞ்சா (4,696 மீ) நடை. அதற்கடுத்து பாறை மலையான இலினிசா நோர்த்தே (5,126 மீ). பிறகுதான் கயாம்பே (5,790 மீ), கோட்டோபாக்ஸி (5,897 மீ), கடைசியாக சிம்பொராசோ (6,263 மீ). இது குறைந்தது 12 நாள் வேலை. வானிலைக்கென்று உபரி நாள் ஒன்று கேளுங்கள். 'ஐந்தே நாளில் கோட்டோபாக்ஸி' என்று சென்னையிலிருந்து போகிறவருக்கு யாராவது விற்றால், அவர் விற்பது உங்கள் தலைவலியை.

கோட்டோபாக்ஸி பற்றி ஒரு வார்த்தை. அது உயிருள்ள எரிமலை. 2015 ஆகஸ்டில் புகையும் சாம்பலும் கக்கியபின் ஏறுவது நிறுத்தப்பட்டது, 2022 கடைசியில் மறுபடியும் குமுறத் தொடங்கியது. எனவே அது மூடியிருந்தால் எந்த மலைக்கு மாற்றுவீர்கள், பணத்தில் வித்தியாசம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிம்பொராசோ வெகு காலமாக அமைதியாக இருக்கிறது. பூமி நடுக்கோட்டில் பிதுங்கியிருப்பதால் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடம் எவரெஸ்ட் அல்ல, இதன் உச்சிதான். ஊருக்கு வந்து பெருமையடிக்க உதவும், மூச்சுக்கு உதவாது. 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான்.

இங்கிருந்தபடி உடம்பைத் தயார் செய்யலாம், உயரத்துக்குப் பழக முடியாது, தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆறு மாதம், வாரத்தில் மூன்று நாள், 10 - 12 கிலோ பையோடு அடுக்குமாடிப் படிக்கட்டு. வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறியவர்களுக்கு, தூக்கமில்லாமல் இருட்டில் கால் வைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும், அது நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் மலைநோய், நல்ல தெம்புள்ளவருக்கும் வரும். வேகமாக ஏறிவிடுவதால் சில சமயம் அவருக்குத்தான் முதலில் வரும்.

கருவிகளை எல்லாம் வாங்க வேண்டியதில்லை, கீட்டோவில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸில் மட்டும் அவசரப்படாதீர்கள். சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டு, நுனிக்காலால் படியில் இரண்டு முறை உதையுங்கள். விரல் முன்னால் முட்டினால் அடுத்த அளவு கேளுங்கள், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். அப்புறம் கிராம்பானை, அதாவது பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டத்தை, அந்த பூட்ஸிலேயே மாட்டி, வாரைக் கட்டாமல் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கழன்று விழாமல் நின்றால் பொருத்தம் சரி. மலைக் குடிலில் முதல் நாள் நான் தடித்த கையுறையோடு அந்த வாரைக் கொக்கியில் நுழைக்கப் பத்து நிமிடம் போராடினேன். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் தன் தலைவிளக்கை அணைத்துவிட்டு, 'இப்போது இருட்டில்' என்றார். கீட்டோ அறையிலேயே பழகியிருக்கலாம்.

உச்சிக்குப் போகும் இரவில் மாலை ஆறு மணிக்குப் படுக்கச் சொல்வார்கள். தூக்கம் வராது, பரவாயில்லை, கிடந்தாலே போதும். நடுராத்திரி வாக்கில் கிளம்புவது வீம்புக்கு அல்ல. வெயில் ஏறினால் பனி இளகும், பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் வலுவிழக்கும், சிம்பொராசோவில் உறைபனி பிடித்து வைத்திருந்த கற்கள் கழன்று உருளும். அங்கே இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள், ஹெல்மெட் கழற்றவே கூடாது. முதுகுப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், அகன்ற வாய்ப் புட்டியைத் தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் கடைசியில்தான் உறையும். விளக்கின் உபரி பேட்டரி உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். பேசும்போது ஒரு முழு வாக்கியம் வராவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம், 'மெதுவாக' என்று ஸ்பானியத்தில் சொல்ல 'தெஸ்பாசியோ', அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்.

மலைநோயை அங்கே சொரோச்சே என்பார்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும், ஆனால் அதை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். நேர்கோட்டில் குதிகாலோடு நுனிக்காலை ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ பேச்சே இல்லை, உடனே இறங்க வேண்டும். மலைநோய் வராமல் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். போட்டால் விரல் நுனி சுருக்கென்று குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம்.

பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பல திட்டங்கள் 4,500 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும். பணம் அமெரிக்க டாலர்தான், 2000 முதல் அந்நாட்டின் நாணயமே அது. ஆனால் 50, 100 டாலர் நோட்டைக் கடையில் நீட்டினால் முகம் சுளிப்பார்கள், சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள், வழிகாட்டிக்குக் கொடுக்கவும் வேண்டும். சைவர்கள் கவலைப்பட வேண்டாம், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட லோக்ரோ சூப் எங்கும் கிடைக்கும். எதில் வேகவைத்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கோழிச்சாறாக இருக்கலாம்.