இசைத்தட்டு, கேசட், சி.டி. தொகுப்பை இணையத்தில் விற்பது எப்படி? முதல்முறை விற்பவர்களுக்கு

பல வருடம் தேடித் தேடிச் சேர்த்ததை விற்பது என்று முடிவெடுப்பதே பெரிய வேலை. இடம் போதவில்லை, கேட்க நேரமில்லை, குடும்பத்தில் ஒருவர் விட்டுச்சென்றது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒருமுறை என்னுடையது, இன்னொரு முறை என் மாமா விட்டுப்போனது. இரண்டிலும் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: வாங்குபவரால் தட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, போட்டுக் கேட்கவும் முடியாது. நீங்கள் எழுதும் விவரத்தை நம்பித்தான் அவர் பணம் அனுப்புகிறார். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த விவரத்தைச் சரியாக எழுதுவதற்காகத்தான்.

படி 1: எதை விற்கலாம், எதை விற்க முடியாது

கையில் பிடிக்கக்கூடிய அசல் தட்டு, கேசட், சி.டி. ஆகியவற்றை விற்கலாம். வீட்டில் பதிவு செய்த கேசட்டும், கணினியில் எழுதிய சி.டி.யும் கூடாது. பணம் கொடுத்துப் பதிவிறக்கிய பாட்டுக் கோப்புகளையும் விற்க நினைக்காதீர்கள். அப்படி ஒரு சந்தை நடத்திய ரீடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராக 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றும்போது புதிதாக ஒரு நகல் உண்டாகிறது, அது பதிப்புரிமை மீறல் என்பதுதான் அதன் சாரம்.

பிறகு, மனசு ஒட்டியிருப்பதை எல்லாம் தனியாக ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள். அதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

படி 2: தூசி தட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

வினைல் தட்டுக்கு கார்பன் ஃபைபர் பிரஷ் போதும். கைரேகை, பூஞ்சை இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியும் எடுத்து, பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. ஒரு எச்சரிக்கை: நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அரக்கைக் கரைத்துவிடும். ஒரே துடைப்பில் தட்டு பாழாகிவிடும்.

படி 3: உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

புதிதாக விற்க வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரே ஆல்பம், ஒரே அட்டைப்படம். ஆனால் முதல் அச்சும் பத்து வருடம் கழித்து வந்த மறு அச்சும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜாக்கெட்டில், அதாவது தட்டின் வெளி அட்டை உறையில், இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள். பல சமயம் அது பாட்டுப் பதிவான வருடம்தான், இந்தத் தட்டு அச்சான வருடம் அல்ல. ஜாக்கெட்டில் பார்கோடு அச்சாகியிருந்தால் அது 1970-களின் கடைசிக்கு முன் வந்த பதிப்பாக இருக்க வாய்ப்பில்லை.

உறுதியான சாட்சி தட்டிலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் பாட்டுப் பள்ளங்கள் இல்லாத ஒரு வழவழப்பான வளையம் தெரியும். தட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பில் பிடித்து, மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்து, மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் வெளிச்சம் வழுக்கும்போது திடீரென்று எழுத்துகள் தெரியும்: சில அச்சுக்குத்தியால் பதித்தவை, சில ஒருவர் கையால் ஊசி முனையில் கீறியவை. இதுதான் மாட்ரிக்ஸ் எண். தட்டுக்கான மூலத்தை வெட்டிய பொறியாளர் சில சமயம் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் அங்கே விட்டுவைத்திருப்பார். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு கோடு, ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

சி.டி.யில் இதே எண் அடிப்பக்கத்தில், நடுத் துளையைச் சுற்றி இருக்கும். அங்கே ஐ.எஃப்.பி.ஐ. (IFPI, சர்வதேச இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற எழுத்துகள் இருந்தால் அது 1990-களின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ அச்சானது.

இப்போது டிஸ்காக்ஸ் தளத்துக்குப் போங்கள். 2000-இல் தொடங்கிய இந்தத் தளம், ரசிகர்களே பதிப்பு பதிப்பாகச் சேர்த்த பெரிய தரவுத்தளம். விற்பனைச் சந்தையும் அதற்குள்ளேயே இருக்கிறது. மாட்ரிக்ஸ் எண்ணைத் தேடலில் போட்டு, லேபிளின் நிறம், பட்டியல் எண், அச்சான நாடு எல்லாம் ஒத்துப்போகும் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். ‘ஏறக்குறைய இதுதான்’ என்று தோன்றும் பக்கத்தில் விற்பனைக்குப் போட்டுவிடாதீர்கள். வாங்குபவர் அந்த எண்ணை நம்பித்தான் பணம் கட்டுகிறார்.

படி 4: தரம் குறிப்பது

பெரும்பாலோர் பின்பற்றுவது கோல்ட்மைன் என்ற அமெரிக்க இசைத்தட்டுப் பத்திரிகையின் தர வரிசை: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., அதற்குக் கீழே குட் பிளஸ், குட், ஃபேர், புவர். தட்டுக்கு ஒரு தரம், ஜாக்கெட்டுக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: இந்த வரிசையில் ‘குட்’ என்றால் ஊசி தாவாமல் ஓடும், ஆனால் இரைச்சல் நிறைய என்று அர்த்தம். மின்ட் என்ற சொல்லைப் பிரிக்காத, குறையே இல்லாத தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சம் போதாது. ஒற்றை பல்பின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற கீறல் நகத்தின் நுனியில் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் பெரும்பாலும் காதிலும் கேட்கும். சந்தேகம் உள்ள இடத்தைப் போட்டே கேளுங்கள். எல்.பி. எனும் பெரிய தட்டு (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். குறுக்குக் கீறல் இருந்தால் சரியாக அந்த இடைவெளியில் ‘டிக்... டிக்...’ என்று வரும். எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். டர்ன்டேபிளில் ஓடும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தட்டு வளைந்திருப்பதும் தெரிந்துவிடும்.

சி.டி.யை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகப் படலம் போயிருக்கிறது. பிளாஸ்டிக் டப்பா உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் சிறுபுத்தகத்துக்கு மாற்றே கிடையாது. கேசட்டில் நாடா ஓடும் இடத்தில் உள்ள சின்னப் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு தரங்களுக்கு நடுவே தடுமாறினால் கீழே உள்ளதையே போடுங்கள்.

படி 5: விலை

இப்போது விற்பனைக்கு இருப்பவற்றின் விலை, விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. உங்களுக்கு வேண்டியது விற்று முடிந்த விலை. டிஸ்காக்ஸில் விற்பனை வரலாறு என்ற பகுதியிலும், ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டியும் பார்க்கலாம். கோல்ட்மைன் கணக்குப்படி வி.ஜி. பிளஸ் தட்டு நியர் மின்ட்டின் விலையில் சுமார் பாதிதான் பெறும். விற்ற பணத்தில் தளம் பிடித்துக்கொள்ளும் கழிவையும் (கமிஷன்) மறக்காதீர்கள். சில தளங்கள் அனுப்பும் செலவின் மீதும் சேர்த்து எடுக்கின்றன.

படி 6: படமும் விவரமும்

முன்பக்கம், பின்பக்கம், இரண்டு லேபிள்கள், மாட்ரிக்ஸ் எண், பிறகு குறை உள்ள ஒவ்வொரு இடமும் படத்தில் வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தைப் போடாதீர்கள். விவரம் இப்படி இருக்கட்டும்:

‘தட்டு வி.ஜி. பிளஸ். ஏ பக்கம் இரண்டாம் பாட்டின் தொடக்கத்தில் மெல்லிய கீறல். ஏழு முறை லேசாக டிக் என்று கேட்கும், ஊசி தாவவில்லை. ஜாக்கெட் வி.ஜி. வலது மேல் மூலை மடங்கியிருக்கிறது, பின்பக்கம் பேனாவில் ஒரு பெயர். பாடல் வரித்தாள் உண்டு. முழுவதும் போட்டுக் கேட்டேன்.’

‘வயசுக்கு நல்லா இருக்கு’ என்று எழுதுவதால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை.

படி 7: பொதி கட்டுவது

நான் முதன்முதலில் அனுப்பிய தட்டை ஜாக்கெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன். வாங்கியவர் அனுப்பிய படத்தில் ஜாக்கெட்டின் மேல் விளிம்பு, கத்தியால் கிழித்ததுபோல் நீளத்துக்கும் பிளந்திருந்தது. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டி கீழே விழும்போதெல்லாம் தட்டு தன் எடையோடு உள்ளிருந்து இடித்திருக்கிறது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஜாக்கெட்டை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, ஜாக்கெட்டுக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். இரண்டு பக்கமும் நெளிவு அட்டை வையுங்கள். ஒன்றின் வரி நெடுக்காக, மற்றதன் வரி குறுக்காக இருந்தால் எளிதில் மடங்காது. எல்.பி.க்கென்றே விற்கும் பெட்டி வாங்குவது நல்லது. மூடிய பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே அசையும் சத்தம் வந்தால் பிரித்து இன்னும் அடையுங்கள். ஜாக்கெட்டுக்கு வெளியே தட்டு ஏன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள், முதல்முறை வாங்குபவர்கள் பயந்துவிடுவார்கள்.

கண்காணிப்பு எண் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ‘தளத்துக்கு வெளியே பேசிக்கொள்ளலாம், கழிவு மிச்சம்’ என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் தளம் உங்கள் பக்கம் நிற்காது.

கடைசியில் விலைபோகாத ஒரு குவியல் நிச்சயம் மிஞ்சும். அதைத் தனித்தனியாகப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, வகைக்கு இருபது என்று கட்டாகப் போடுங்கள். என் மாமாவின் கடைசிக் கட்டை வாங்கியவர் இப்போதுதான் டர்ன்டேபிள் வாங்கிய மாணவர். எந்தத் தட்டை முதலில் போட வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். மாமா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எடுப்பதைச் சொன்னேன்.