பேலட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: குடோனுக்கு ஏற்ற பிளாஸ்டிக் பேலட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளாஸ்டிக் பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மேல்தட்டை. நிறம் எப்படி, தடிமன் எவ்வளவு, ஏறி நின்றால் வளைகிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. ஆனால் தவறான பேலட் வாங்கிய குடோன்களில் பிரச்சினை பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கால் ரேக் பீமில் (சரக்கு அலமாரியின் குறுக்கு விட்டத்தில்) சரியாக உட்காராது, கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக்கின் சக்கரம் அடிக்கட்டையில் ஏறிக்கொள்ளும், அல்லது கீழே இருக்கும் மூட்டையைக் கால் குத்திவிடும். அதனால் சாம்பிள் வந்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் போடுங்கள்.

அதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை வேண்டும். சரக்கு ஏற்றிய பேலட் அதிக நேரம் எங்கே இருக்கப் போகிறது? தரையிலா, ஒன்றின் மேல் ஒன்றாகவா, ரேக்கிலா, கன்வேயரிலா, அல்லது லாரி ஏறிப் போய்த் திரும்பி வராமலே போகுமா? இதைத் தெளிவாக எழுதி வைத்துக்கொண்டால் பாதி ரகங்கள் தானாகவே கழிந்துவிடும்.

ஒரு பேலட், மூன்று எடைகள்

விவரத்தாளில் மூன்று தாங்கு எடைகள் இருக்கும். பேலட் சமதரையில் அசையாமல் இருக்கும்போது தாங்குவது ஸ்டேடிக் லோடு. ஃபோர்க்லிஃப்ட் தூக்கிக்கொண்டு நகரும்போது தாங்குவது டைனமிக் லோடு. இரண்டு பீம்களின் மேல், நடுவில் எந்த ஆதாரமும் இல்லாமல் தாங்குவது ரேக்கிங் லோடு. ஒரே பேலட்டுக்கு இவை 4000, 1500, 1000 கிலோ என்று வேறுபட்டிருப்பது சாதாரணம். விற்பவர் வாயில் முதலில் வருவது பெரிய எண்தான்: “நாலு டன் தாங்கும் சார்.” அது தரையில் வைத்தால் மட்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 கிலோ மூட்டை 40 அடுக்கினால் 1000 கிலோ. தரையில் நான்கு பேலட் உயரத்துக்கு அடுக்கினால் அடிப் பேலட்டின் மேல் 4000 கிலோ சரக்கு, கூடவே மேலே உள்ள மூன்று பேலட்களின் சொந்த எடை. ஒன்று 20 கிலோ என்றால் மொத்தம் 4060. ஸ்டேடிக் லோடு 4000 என்று எழுதிய பேலட் இங்கே ஏற்கெனவே வரம்பைத் தாண்டிவிட்டது. இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு அடுக்கைச் சேர்த்துத் தூக்குவார்கள். அப்போது கீழ்ப் பேலட்டின் மேல் 2020 கிலோ. டைனமிக் 1500 என்றால் ஃபோர்க்லிஃப்டின் முள் (தூக்கும் கரம்) நுழையும் இடத்திலிருந்து விரிசல் தொடங்கும்.

ரேக்கிங் லோடு கட்டம் காலியாகவோ கோடு போட்டோ இருந்தால், அது ரேக்குக்கான பேலட் இல்லை என்று அர்த்தம். “கொஞ்சம் எடைதானே” என்று ஏற்ற வேண்டாம்.

எழுதியிருக்கும் எடையெல்லாம் பொதுவாகச் சரக்கு தட்டு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் மட்டுமே பொருந்தும். நடுவில் ஒரு மோட்டாரை வைத்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

அடிப்பக்கம் சொல்லும் கதை

ஒன்பது கால் மட்டும் இருந்து, அடியில் கட்டை எதுவும் இல்லாவிட்டால் அது நெஸ்டிங் ரகம். காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். 150 மி.மீ. உயரப் பேலட் செருகும்போது ஒவ்வொன்றும் 45 மி.மீ. மட்டுமே கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2400 மி.மீ. உயரத்தில் 51 பேலட் அடுக்கலாம். செருகாத ரகம் அதே உயரத்தில் 16தான். காலிப் பேலட் திரும்பி வரும் லாரியில் இந்த வித்தியாசம் பெரிது. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஏற்றுமதியோடு போய்விடும் சரக்குக்கும் தரையில் ஒற்றை அடுக்கு வைப்பதற்கும் இதுவே போதும். மரத்தில் பூச்சி பரவாமல் இருக்க மர பேலட்டுக்குத் தேவைப்படும் ஐ.எஸ்.பி.எம். 15 சூடேற்றல் முத்திரை பிளாஸ்டிக்குக்குத் தேவையில்லை என்பது ஏற்றுமதிக்காரர்களுக்குக் கூடுதல் வசதி.

இதே ரகத்தை மூட்டையின் மேல் மூட்டையாக அடுக்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும்? ஒரு கால் 120 மி.மீ. சதுரம் என்றால், ஒன்பது காலும் சேர்ந்து தொடும் பரப்பு 0.13 சதுர மீட்டர். 1200 × 1000 பேலட்டின் பரப்பில் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. மேலே உள்ள ஒரு டன்னும் அந்த ஒன்பது சதுரங்கள் வழியாகவே கீழ் மூட்டைகளில் இறங்குகிறது. மூட்டை அமுங்கும். எல்லாக் காலும் ஒரே அளவில் அமுங்காததால் அடுக்கு ஒரு பக்கம் சாயும். ஏற்றிய அன்று நேராக நின்ற அடுக்கு மறுநாள் சாய்ந்திருப்பது இப்படித்தான்.

மூன்று ரன்னர் ரகத்தில் மூன்று நீளக் கட்டைகள் ஒரே திசையில் ஓடும். ஆறு ரன்னர் ரகத்தில் சுற்றிலும் சட்டம், நடுவில் சிலுவை. இரண்டும் ரேக்குக்கு வரும், ஆனால் திசையில் வேறுபாடு உண்டு. மூன்று ரன்னர் பேலட்டை வைக்கும்போது ரன்னர்கள் பீமுக்குக் குறுக்கே, இரண்டு பீமையும் எட்டும்படி இருக்க வேண்டும். பீமுக்கு இணையாகத் திருப்பி வைத்தால் நடு ரன்னர் அந்தரத்தில் தொங்கும். எடை முழுவதும் மேல்தட்டின் தலையில் விழும். ஆறு ரன்னர் இரண்டு திசையிலும் உட்காரும். ஆனாலும் இரண்டு திசைக்கும் ஒரே தாங்கு எடைதானா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ரிவர்ஸிபிள் என்பது மேலும் கீழும் ஒரே மாதிரித் தட்டு. அகலமான அடிப்பரப்பு இருப்பதால் மூட்டைகளைக் குத்தாது. அரிசி, மாவு, உரம், பிளாஸ்டிக் குருணை போன்றவற்றைத் தரையில் பல அடுக்காக வைக்க இதற்கு நிகரில்லை. ஒரே நிபந்தனை, எல்லா வேலையும் ஃபோர்க்லிஃப்டிலேயே நடக்க வேண்டும். ஹேண்ட் பேலட் டிரக்கின் முன்சக்கரம் தரையை அழுத்தித்தான் தூக்கும். இங்கே அடியிலும் தட்டு இருப்பதால் சக்கரம் அந்தத் தட்டையே அழுத்திப் பிளக்கும்.

பேலட் டிரக்கைக் கொண்டுவந்து செருகிப் பாருங்கள்

வழக்கமான பேலட் டிரக்கின் முள் இறக்கிய நிலையில் 85 மி.மீ. உயரம், தூக்கினால் 200 மி.மீ. அளவுக்கு எழும். பேலட்டின் நுழைவாய் 95 முதல் 100 மி.மீ. இருந்தால் நிம்மதி. 90 என்றால் தரை கொஞ்சம் மேடுபள்ளமானாலும் உரசும்.

முள் நீளம் பொதுவாக 1150 மி.மீ. 1200 பக்கமாக நீளவாக்கில் நுழைந்தால் முள் பேலட்டுக்குள் அடங்கும். 1000 மி.மீ. ஆழமுள்ள பக்கமாக நுழைந்தால் 150 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த பேலட்டின் மூட்டை கிழிவது அந்த நுனியில்தான். சுற்றுச் சட்டம் உள்ள பேலட்டில் இன்னொரு சிக்கல்: தூக்கும் நேரத்தில் முன்சக்கரம் சட்டத்தின் நடு இடைவெளியில், வெறும் தரையில் இருந்தாக வேண்டும். குறுக்குக் கட்டையின் மேல் நின்றால் கைப்பிடியை அடிக்க அடிக்கக் கட்டை பிய்ந்து வரும். முள்ளை முழுக்கச் செருகி, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சக்கரம் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். நான்கு பக்கமும் இதைச் செய்யுங்கள். ‘நான்கு வழி நுழைவு’ என்று விளம்பரத்தில் இருப்பது பலவற்றில் ஃபோர்க்லிஃப்டுக்கு மட்டுமே உண்மை.

ரேக்கில் வைத்து மூன்று நாள் பாருங்கள்

மரம் போல் பிளாஸ்டிக் நின்ற இடத்தில் நிற்காது. எடை ஏறியதும் கொஞ்சம் தொய்யும், அப்புறம் நாள்கணக்கில் மெதுவாக மேலும் தொய்யும். வெயிலில் காயும் தகரக் கூரைக்குக் கீழே உச்சி அடுக்கில் இந்தத் தொய்வு வேகமெடுக்கும். விவரத்தாளில் உள்ள ரேக்கிங் லோடு எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் வைத்துப் பார்த்தது என்று கேளுங்கள். பேலட் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 8611 என்ற தரம் இருக்கிறது. அதன்படி எடுத்த அறிக்கை இருந்தால் நல்லது. அறிக்கை இருந்தாலும் இந்தச் சோதனையை நீங்களே செய்யுங்கள்:

1. இரண்டு சாம்பிளைத் தரையை ஒட்டிய கீழ்ப் பீமில் வையுங்கள், மேல் அடுக்கில் வேண்டாம். 1200 மி.மீ. ஆழப் பேலட்டுக்கு 1100 மி.மீ. ரேக் என்றால் இருபுறமும் 50 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.
2. பேலட்டின் அடியில், முன் பீமுக்கு மேலிருந்து பின் பீமுக்கு மேல் வரை நூல் பிடித்து நடுப்பகுதியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. உங்கள் சரக்கையே, வழக்கமான அடுக்கு முறையிலேயே, இருப்பதில் அதிகமான எடைக்கு ஏற்றுங்கள். மணல் மூட்டையில் சோதித்துவிட்டு அட்டைப்பெட்டி ஏற்றினால் பலன் இல்லை.
4. 1 மணி, 24 மணி, 72 மணி நேரத்தில் தொய்வை அளங்கள். பகல் வெயில் நேரத்தில் ஓர் அளவு கட்டாயம்.
5. சரக்கை இறக்கி மறுநாள் மீண்டும் அளங்கள்.

ஒரு மீட்டர் இடைவெளிக்கு 20 மி.மீ. தாண்டினால் அந்த மாடலை விட்டுவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அதைவிட முக்கியம், 24 மணிக்கும் 72 மணிக்கும் இடையே தொய்வு நின்றுவிட்டதா என்பது. இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் மூன்று மாதம் அசையாமல் கிடக்கும் சரக்குக்கு அது ஆகாது. தொய்ந்த பேலட்டின் வயிறு நுழைவாயை அடைக்கும், முள் உள்ளே போகாது. ஓட்டுநர் இடித்து நுழைப்பார். ரேக்கில் உடைகிற பேலட்டுகளில் பல இப்படி உடைந்தவைதான்.

தொய்வு அதிகம் என்றால் இரும்புக் குழாய் செருகிய மாடலைக் கேளுங்கள். குழாயின் முனை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் கழுவும் தண்ணீர் உள்ளே போய்த் துருவாக வழியும். குழாய் பீமுக்குக் குறுக்கே ஓட வேண்டும், இணையாக ஓடினால் வீண். ஃபோர்க்லிஃப்ட் உள்ளேயே ஓட்டிச் செல்லும் டிரைவ்-இன் ரேக்கில் பேலட்டின் இரண்டு ஓரம் மட்டுமே தண்டவாளத்தில் உட்காரும், அதனால் சாதாரண ரேக்கிங் லோடு அங்கே செல்லாது. டிரைவ்-இன் என்று பெயர் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

கன்வேயர் என்றால் எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று உருளைகளாவது ரன்னருக்கு அடியில் இருக்க வேண்டும். ஒன்பது கால் பேலட் அங்கே தடுக்கி நிற்கும்.

இனி மேல்தட்டு

ஓட்டைத் தட்டு எடை குறைவு, தண்ணீர் நிற்காது, குளிர் அறையில் காற்று ஓடும். ஓட்டை பெரிதாக இருந்தால் மூட்டை அதில் பிதுங்கும், இழுக்கும்போது கிழியும். அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான். மூலை ஓட்டையின் மேலோ பேலட்டுக்கு வெளியேயோ நின்றால் அடிப்பெட்டி நசுங்கும். மூடிய தட்டு மருந்து, உணவு இடங்களுக்குச் சுத்தம் செய்ய எளிது. ஆனால் உள்ளே கூடாக இருக்கும் இரட்டைச் சுவர் ரகத்தில் முள் ஒரு துளை போட்டால் போதும், கழுவும் தண்ணீர் உள்ளே தங்கி நாறும்.

டிரம்முக்கு வேறு கணக்கு. 200 லிட்டர் டிரம்மின் விட்டம் 600 மி.மீ. அளவில் இருக்கும், நான்கு வைக்க 1200 × 1200 வேண்டும். 1200 × 1000 பேலட்டில் இரண்டு டிரம் விளிம்பு தாண்டும். டிரம்மின் எடை முழுதும் அடி வளையத்தில் இறங்குவதால் மெல்லிய கட்டத் தட்டில் வட்டமாகத் தழும்பு விழும். ஆனால் 1200 அகலப் பேலட் இரண்டு பக்கம் பக்கமாகக் கன்டெய்னருக்குள் போகாது. உள் அகலம் 2350 மி.மீ.தான். 1100 × 1100 என்றால் 20 அடிக் கன்டெய்னரில் தரையில் பத்து உட்காரும்.

விளிம்பில் உயர்ந்த ஓரம் க்ரேட்டுக்கு நல்லது, மூட்டைக்கும் அட்டைப்பெட்டிக்கும் தொல்லை. ஃபிலிம் சுற்றிய சரக்கு வழுக்கும் என்றால் தட்டில் ரப்பர் பொத்தான் உள்ளதைக் கேளுங்கள். முள் தொடும் அடிப்பக்கத்திலும் அது வேண்டும், மறந்துவிடுகிறார்கள்.

குளிர், தீ

எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன்) உறைநிலைக்குக் கீழேயும் அடி தாங்கும். பி.பி. (பாலிபுரோப்பிலீன்) விறைப்பானது, சூட்டில் தொய்வு குறைவு. ஆனால் சாதாரண பி.பி. உறைநிலையை ஒட்டியே நொறுங்கத் தொடங்கும், முள் பட்டால் சில்லாகத் தெறிக்கும். குளிர் அறைக்கு எச்.டி.பி.இ. எடுங்கள். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் தன்னளவில் மோசமில்லை, தொகுதிக்குத் தொகுதி மாறுவதுதான் பிரச்சினை.

தீ விஷயத்தைக் கடைசியில் யோசிக்காதீர்கள். பிளாஸ்டிக் பேலட் மரத்தைவிட அதிகச் சூட்டோடு எரியும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 13 ஸ்பிரிங்க்ளர் (தீயணைப்புத் தெளிப்பான்) தரத்தில், இரும்பு போன்ற வலுவூட்டல் இல்லாத பிளாஸ்டிக் பேலட்டுக்குச் சரக்கின் தீ வகுப்பை ஒரு படியும், வலுவூட்டியதற்கு இரண்டு படியும் ஏற்ற வேண்டும். மர பேலட்டிலிருந்து மாறுகிறீர்கள் என்றால் ஆர்டருக்கு முன்பே ஸ்பிரிங்க்ளர் வடிவமைத்தவரையும் காப்பீட்டாரையும் கேட்டுவிடுங்கள். கரைப்பான் ஆவி இருக்கும் அறைக்கு நிலைமின்னேற்றம் தேங்காத ரகம் வேண்டும்.

ஆர்டர் எழுதும்போது

மாடல் எண்ணோடு நிறுத்தாதீர்கள். அளவு, மூன்று தாங்கு எடைகள், எந்தத் திசையில் ரேக்கிங், வெப்பநிலை, மூலப்பொருள், ஒரு பேலட்டின் எடை, அதில் எத்தனை சதவீதம் கூடக்குறைய ஏற்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். சோதித்துத் தேறிய சாம்பிளில் ஒன்றை எடை குறித்து, கையெழுத்திட்டுத் தனியாக வையுங்கள். சரக்கு வந்ததும் லாரியின் முன், நடு, பின் என்று பத்து பேலட்டை இறக்கித் தராசில் போடுங்கள். சாம்பிள் 20 கிலோ இருக்க, வந்தவை 18 காட்டினால் இறக்குவதை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அந்த இரண்டு கிலோ எந்த விலாவிலிருந்து குறைந்தது என்பது ரேக்கில் ஏறிய பிறகுதான் தெரியும்.