பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் படிப்படியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்புகளில் செய்யப்படும் மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் நிரலில் கை வைப்பவர், அதை நம்பித் தங்கள் பல ஆண்டு உழைப்பைச் சேமித்து வைத்திருப்பவர்களின் களஞ்சியங்களிலும் கை வைக்கிறார். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, அவ்வாண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரித்து வரும் கிட் (Git) என்ற இத்தகைய மென்பொருள், சிறு சிறு மாற்றங்களாகவே வளர்ந்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் சிறிய மாற்றம் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கிட் நிரலுக்கு முதன்முறையாகப் பங்களிக்க வருபவர்களின் பேட்ச்கள் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றங்கள்) திரும்பத் திருத்தி எழுதப்படுவதற்கு இந்தப் புரிதற்பிழை ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

வரிகளின் எண்ணிக்கையை வைத்து மாற்றத்தை அளப்பது முதல் தவறு. ஒரு கமிட்டுக்கு, அதாவது வரலாற்றில் ஒன்றாகப் பதிவாகும் மாற்றத்துக்கு, ஒரே ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுவதற்காக நாற்பது கோப்புகளைத் தொட வேண்டியிருந்தாலும் அது ஒரே மாற்றம்தான். மாறாக, மூன்று வரிகளில் ஒரு வழுவை நீக்கிவிட்டு, கண்ணில் பட்ட இன்னொரு வரியின் இடைவெளியையும் சேர்த்துச் சீர்செய்தால் அவை இரண்டு மாற்றங்கள். பெரிய வேலையைக் கோப்புக்கு ஒரு கமிட் என்று வெட்டிவிட்டால் படிப்படியாகச் செய்ததாகிவிடாது. அப்படி வெட்டப்பட்ட துண்டு தனியாக எதையும் சொல்லாது என்பதால், அதைச் சரிபார்ப்பவர் எல்லாத் துண்டுகளையும் மனத்தில் மீண்டும் ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நிரலை இடம் மாற்றுவதையும் அதன் செயலை மாற்றுவதையும் ஒரே கமிட்டில் கலப்பது இதற்கு நெருங்கிய தவறு. ஒரு ஃபங்ஷனை வேறு கோப்புக்கு அப்படியே நகர்த்தினால், 2017இல் வெளிவந்த கிட் 2.15 முதல் வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கட்டளையே, அதற்கான விருப்பத்தைக் கொடுத்தால், நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டிவிடும். நகர்த்தும்போதே உள்ளே ஒரு நிபந்தனையைத் திருத்தியிருந்தால், நூறு வரிகளுக்கிடையே அந்த ஒரு வரியை மனிதக் கண்தான் தேட வேண்டும். நடை ஒழுங்குக்காக மட்டும் பழைய நிரலைத் திருத்தி அனுப்புவதைக் கிட்டின் நிரலாக்க வழிகாட்டி விரும்புவதில்லை; உண்மையான மாற்றத்துக்கு முன்தயாரிப்பாக, தனிக் கமிட்டாக வந்தால் அதை வரவேற்கிறது.

ஒரே வேலைக்கான கமிட்களின் தொடரில் இடைப்பட்டவை உடைந்திருந்தாலும் கடைசிக் கமிட் சரியாக ஓடினால் போதும் என்று நினைப்பதே என் பார்வையில் மிகக் கேடான தவறு. பைசெக்ட் கட்டளை வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்து, வழு நுழைந்த கமிட்டைக் கண்டுபிடிக்கிறது. அது நிறுத்தும் இடத்தில் நிரல் கம்பைல் ஆகவில்லையென்றால், தேடுபவர் அந்தக் கமிட்டைத் தவிர்த்துவிட்டு நகர வேண்டும், விடையும் தெளிவற்றதாகிவிடும். கமிட்களை ஒவ்வொன்றாக மீண்டும் அடுக்கும் ரீபேஸ் கட்டளையின் எக்ஸெக் விருப்பத்தைக் கொண்டு ஒவ்வொரு கமிட்டிலும் நிரலைக் கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம். நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், அதைத் தவிர்ப்பவர் அந்தச் சுமையை வேறொருவர் தலையில் ஏற்றுகிறார்.

படிகளின் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு உள்ளடக்கத்திலிருந்து அடையாள எண்ணைக் கணக்கிடும் முறையை எஸ்எச்ஏ-1இலிருந்து எஸ்எச்ஏ-256க்கு மாற்றும் வேலையைவிடச் சிறந்த பாடம் இல்லை. தொடக்க காலக் கிட் நிரலில், களஞ்சியத்தில் சேமிக்கப்படும் ஒவ்வொரு பொருளின் (கோப்பின் உள்ளடக்கம், கமிட் போன்றவற்றின்) அடையாளமும் எஸ்எச்ஏ-1 தரும் 20 பைட்டுகள் என்ற ஊகம் எங்கும் ஊடுருவியிருந்தது. 2015இல் அந்த 20 பைட் வரிசையை உள்ளடக்கிய ஒரு தனி ஸ்ட்ரக்ட் (சி மொழியின் தரவுக் கட்டமைப்பு) அறிமுகமானது; அதன்பின் ஆண்டுக்கணக்கில், தொடர் தொடராக, ஒவ்வொரு ஃபங்ஷனும் அதற்கு மாற்றப்பட்டது. அந்தக் கமிட்கள் பயனருக்குத் தெரியும்படி எதையும் மாற்றவில்லை; அவ்வாறு மாற்றாததே அவற்றின் சிறப்பு. 2017 பிப்ரவரியில் எஸ்எச்ஏ-1இல் மோதல், அதாவது இரு வேறு உள்ளடக்கங்களுக்கு ஒரே அடையாளம் வருவது, நிகழ்த்திக் காட்டப்பட்டபோதும், இந்த வேலையை அவசரமாக ஒரே மூச்சில் முடிக்க யாரும் முனையவில்லை. அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 2.13 பதிப்பில் மோதலைக் கண்டறியும் எஸ்எச்ஏ-1 நிரல் இயல்பாக (யாரும் தேர்ந்தெடுக்காமலே செயல்படும்படி) சேர்க்கப்பட்டது. எஸ்எச்ஏ-256 களஞ்சியங்களுக்கான பரிசோதனை நிலை ஆதரவு 2020 அக்டோபரில் 2.29உடன் வந்தது. அந்த வேலையில் இயந்திரத்தனமான பல திருத்தங்களைக் காக்சினெல் என்ற கருவி செய்தது. கருவி செய்த மாற்றத்தையும் கையால் செய்த மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், கருவியை மீண்டும் ஓட்டி முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கோப்பு வடிவத்தை மாற்றும்போது, எழுதும் நிரலையும் படிக்கும் நிரலையும் ஒரே வெளியீட்டில் இயல்பாக்கிவிடுவது, பழைய பதிப்பு வைத்திருப்பவரின் கையைக் கட்டிவிடும். பல பொருட்களைச் சுருக்கி ஒன்றாக வைக்கும் பேக் கோப்புகளுக்கான இரண்டாம் பதிப்பு அட்டவணை 2007இல் 1.5.2உடன் வந்தது, பழைய 1.4.4.5க்கும் அந்த ஆதரவு கொண்டு செல்லப்பட்டது. ஆனால் 2008 ஆகஸ்டில் வந்த 1.6.0இல்தான் அது இயல்பான வடிவமானது. புதியதைப் படிக்கத் தெரிந்த பதிப்புகள் பரவிய பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு இது. கட்டளையின் இயல்பை மாற்றும்போதும் அப்படித்தான்: கமிட்களை வேறொரு களஞ்சியத்துக்கு அனுப்பும் புஷ் கட்டளையின் இயல்பு 2014இல் 2.0உடன் மாறியது, அதற்கு முன்பே பயனர்களுக்கு எச்சரிக்கைகள் காட்டப்பட்டுவந்தன.

தொடங்கிய மாற்றத்தைப் பாதியில் விட்டு, பழைய வழியையும் புதிய வழியையும் நிரந்தரமாக அருகருகே வைத்திருப்பதும் தவறுதான். அடுத்த கமிட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் ஆட் கட்டளையின் ஊடாடும் பகுதி பெர்லிலிருந்து சி மொழிக்கு மாற்றப்பட்டு, 2022இல் 2.37உடன் இயல்பானது, 2023இல் 2.40 வந்தபோது பெர்ல் நிரல் நீக்கப்பட்டது. அந்த நீக்கமும் திட்டத்தின் ஒரு படிதான்.

கமிட் செய்தியில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுவது போதாது. அதை டிஃப்பே காட்டிவிடும். இன்றைய நிலையில் உள்ள குறை என்ன, இந்த வழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே செய்தியில் இருக்க வேண்டும். அதேபோல், பிறர் சுட்டிய குறைகளைத் திருத்தும்போது தொடரின் முடிவில் ஒரு திருத்தக் கமிட்டை ஒட்டக் கூடாது. குறை எந்தக் கமிட்டில் இருக்கிறதோ அதையே ரீபேஸ் செய்து சரிசெய்து, தொடரை இரண்டாம் பதிப்பாக அனுப்ப வேண்டும். முதல் பதிப்புக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாட்டை, 2018இல் 2.19உடன் வந்த ரேஞ்ச்-டிஃப் கட்டளை கமிட் வாரியாகக் காட்டும். வெளிவந்த பதிப்பில் உள்ள ஒரு வழுவுக்கான திருத்தமாயின், அந்தத் தொடரைப் புத்தம்புதிய கிளையின் (தனியாக வளரும் கமிட் வரிசையின்) மேல் கட்டாமல், பராமரிப்புக் கிளையின் மேல் கட்ட வேண்டும். அப்போதுதான் பராமரிப்பாளர் அதைப் பழைய வெளியீட்டிலும் புதியதிலும் எந்த மறுவேலையும் இல்லாமல் இணைக்க முடியும்.