தர்மபுரியிலிருந்து சாமித்தோப்புக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்

மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், துண்டு முக்கியம். சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி, அதாவது முதன்மை வழிபாட்டுத் தலம், இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியும் தலைப்பாகையுமாகத்தான் உள்ளே போக வேண்டும். நம் பக்கத்துக் கோயிலில் தலைக்கட்டோடு சாமி முன்னால் நின்றால் பூசாரி ஒரு முறை முறைப்பார், அங்கே கட்டாமல் போனால்தான் நிறுத்துவார்கள். பூத்துவாலையோ குற்றாலத் துண்டோ எதுவானாலும் சரி, நாலு முழமாவது இருந்தால் சுற்றி முடிச்சுப் போடக் கையடக்கமாக இருக்கும். பெண்களுக்குத் தலைப்பாகை கிடையாது.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டு போனால் கட்டும்போதே கை வேறு மாதிரி வேலை செய்யும். அன்றைக்கு அந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யம். சாணார் (இன்றைய நாடார்) உள்ளிட்ட சாதியினர் தலைப்பாகை கட்டக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது, தலைக்கு வரி கட்ட வேண்டும், கூப்பிட்டால் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். 1809இல் ஒரு குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் ஆசையாகப் பெயர் வைத்தார்கள், மேல்சாதிக்காரர்கள் அதையும் பொறுக்காததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்த முத்துக்குட்டிதான் 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. பெயரில்கூட முடி சூடக்கூடாது என்று சொன்ன ஊரில் அவர் எல்லோரையும் தலைப்பாகை கட்டச் சொன்னார். மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. வெளியே வந்தும் அவர் மாறவில்லை.

போகும் வழி சுலபம்தான். பெங்களூரிலிருந்து ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாக நாகர்கோவில் போகும் ரயிலில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் இறங்கிவிடலாம். நேரத்தை டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊரில் ரயிலே இல்லை, தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்துதான் ஏற வேண்டும் (இந்தப் புலம்பலைத் தனியாக ஒருநாள் வைத்துக்கொள்வோம்). நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ் இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பதிக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் முத்திரிக் கிணறு. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கியவர்களைப் பொதுக்கிணற்றில் தண்ணீர் தொடவிடாத காலத்தில், எல்லாச் சாதியும் ஒன்றாக இறைத்துக் குளிக்க அவர் தோண்டவைத்த கிணறு அது. அந்தத் தண்ணீரில் நனைந்த பிறகுதான் உள்ளே போவது வழக்கம், அதனால் மாற்றுத்துணி கட்டாயம். அங்கே யாராவது துவையல் பந்தி என்று பேசினால் களிக்குத் தொட்டுக்கொள்ளும் துவையலை நினைத்துக்கொள்ளாதீர்கள், நான் நினைத்தேன். துணி துவைத்து, குளித்து, சுத்தபத்தமாகக் கூட்டாக வாழ அய்யா தன் மக்களுக்குக் கொடுத்த பயிற்சிக்குத்தான் அந்தப் பெயர்.

எங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்று நடந்தது. அவர் காட்டு வேலையில் நாள் முழுக்கத் தலைக்கட்டோடு இருப்பவர். ஆனால் ஊருக்குள் குறிப்பிட்ட ஒரு தெருவுக்குள் நுழைந்தால் துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குப் போய்விடும், அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். பதி வாசலிலும் அதேதான், நான் கட்டிவிட்ட துண்டை அவிழ்த்து இடுக்கிக்கொண்டு நின்றார். அங்கே நின்ற ஒரு பெரியவர் "தலையில கெட்டுங்க அய்யா" என்றார். எங்கப்பா உடனே கட்டவில்லை, ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் கட்டினார்.

உள்ளே சிலையைத் தேடாதீர்கள். கருவறை மாதிரியான பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு, அவ்வளவுதான். உங்கள் முகம்தான் அதில் தெரியும். பார்த்துவிட்டு உடனே நகராமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தேங்காய், கற்பூரத் தட்டோடு போக வேண்டாம், பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் போதும். முனியப்பனுக்குக் கெடா நேர்ந்துகொள்வது போல இங்கே எதையும் நேர்ந்துகொள்ளாதீர்கள், உயிர்ப்பலி அய்யாவுக்கு ஆகவே ஆகாது. நாமம் நெற்றியில் வெள்ளை மண்ணால், புருவ நடுவிலிருந்து சுடர் மாதிரி மேலே ஏறும். பக்கத்தில் நிற்பவர் "அய்யா உண்டு" என்றால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள், சாதி விசாரிக்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.

மதியம் உச்சிப்படிப்பு என்கிற நடுப்பகல் வழிபாடு வரை இருந்தால் நல்லது. அய்யாவை வணங்குகிறவர்களின் புனித நூல் அகிலத்திரட்டு அம்மானை, 1841இல் அய்யாவின் சீடர் அரிகோபாலன் எழுதியது, அச்சுக்கு வந்தது 1939இல்தான். போகும் முன் சில பக்கமாவது படித்துப் பாருங்கள். அம்மானை நடை, அந்தக் காலத்துத் தென்பக்கப் பேச்சு, முதலில் பிடிபடாது, வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

கூட்டம் பிடிக்கும் என்றால் மாசி 20, அதாவது மார்ச் 4 வாக்கில் அய்யா அவதார தினம், நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் வரும், கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் பதினொரு நாள் திருவிழா. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள்.

திரும்பும்போது ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பையில் இருக்கும் மற்ற துணியும் நனைந்துவிடும். எங்கப்பாவின் துண்டு மட்டும் பைக்குள் வரவில்லை. சேலம் தாண்டியும் அது அவர் தலையில்தான் இருந்தது, டிக்கெட் பரிசோதகர் வந்தபோதும் அவிழ்க்கவில்லை.