குழம்புச் சோறும் பூனையும்: வெங்காயம், பூண்டைத் தவிர்க்கும் முறை

மீன் குழம்பு வைக்கும் நாளில் அடுப்படி வாசலில் வந்து நிற்கும் பூனைக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அன்போடு செய்யும் இந்தக் காரியத்தில் ஆபத்து மீனில் இல்லை. குழம்பில் கரைந்திருக்கும் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது.

இவ்விரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பூனையின் ஹீமோகுளோபின் இத்தகைய தாக்குதலுக்கு நாயினுடையதைவிடவும் எளிதில் ஆளாவதால், ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றங்களை உண்டாக்கப் போதுமானது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம்தான். பூண்டின் நஞ்சு இதைவிடக் கடுமையானது. வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு நீங்குவதில்லை. காய்ந்த பொடியாக இருந்தால் அதன் செறிவு இன்னும் கூடும். ஆகவே வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவது எந்த வகையிலும் பாதுகாப்பாகாது. பாக்கெட் சூப், மசாலா தடவிய பொரித்த கோழி, பிரியாணிக் கறி ஆகியவற்றையும் இதே காரணத்திற்காகத் தவிர்க்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, மீனைக் கழுவியவுடன், மசாலா தடவுவதற்கு முன்பே, பூனையின் பங்கை எடுத்து வைத்துவிடுவதாகும். அதை உப்பும் புளியும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறியபின் கையால் உதிர்த்து, முள்ளை முழுவதும் நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும் என்பதால் பச்சை மீனை வழக்கமாகப் போடக் கூடாது. கருவாட்டில் உப்பு மிகுதி. பூனை எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

சாக்லேட், காபி, தேநீர் ஆகியவை இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது என்றாலும் பாலின் கொழுப்பு மணத்திற்காக அவற்றை நக்கக்கூடும். உலர் திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்த செய்தி என்பதால், பாயசத்தில் உள்ளதைப் பூனைக்கும் கொடுக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. உணவல்ல எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை: காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

பூனை வெங்காயக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டதென்று தெரிந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அதுவே தனியாக ஆபத்தாக முடியும். எதைச் சாப்பிட்டது, ஏறத்தாழ எவ்வளவு, எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் சென்றால், நஞ்சு உடலில் ஏறுவதைக் குறைக்க அவரால் இயலும். தாமதமானால் ஆக்சிஜனும் இரத்தமும் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

சாப்பிட்ட அன்று பூனை நன்றாக விளையாடுவதைப் பார்த்து மனம் ஆறிவிட வேண்டாம். சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வெளிப்படுவதற்குப் பல நாட்கள் ஆகலாம். ஆதலால் மருத்துவரிடம் காட்டி வந்த பிறகும் ஒரு வாரம்வரை தினமும் காலையில் அதன் உதட்டை மெல்லத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். அவை வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், சிறுநீர் செம்பழுப்பாகப் போனாலும், ஓடியாடாமலேயே மூச்சு வாங்கினாலும் அன்றே மறுபடியும் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.