லெட்டர் ஆஃப் ஆக்சஸ்க்கு காசு கட்றதுக்கு முன்னாடி

ஐரோப்பாவோட வேதிப்பொருள் சட்டமான ரீச்ல (REACH) ரிஜிஸ்ட்ரேஷன்னு வந்ததும் நிறைய பேர் பண்றது, அந்தப் பொருளுக்கு எல்லார் சார்பாவும் டேட்டா சமர்ப்பிக்கிற லீட் ரிஜிஸ்ட்ரண்ட் யாருன்னு கண்டுபிடிச்சு, அந்த டேட்டாவ சுட்டிக்காட்ட அனுமதி தர்ற லெட்டர் ஆஃப் ஆக்சஸ்க்கு நேரா "எவ்வளவு?"ன்னு மெயில் தட்றதுதான். அது கடைசில கேக்கவேண்டிய கேள்விங்க.

ஐரோப்பிய யூனியன்ல ஒரு கம்பெனி வருஷத்துக்கு 1 டன்னோ அதுக்கு மேலயோ ஒரு பொருள தயாரிச்சாலும் இறக்குமதி பண்ணாலும் ரிஜிஸ்டர் பண்ணணும், அதுக்கு முதல் படி இன்குவைரி. பொருளோட அடையாளத்த அனலிட்டிக்கல் ரிப்போர்ட்டோட ஐயூக்ளிட்ங்குற சாஃப்ட்வேர்ல போட்டு ஹெல்சிங்கில இருக்குற ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையான எக்காவுக்கு (ECHA) அனுப்பணும், அவங்க பாத்துட்டு இதே பொருள ஏற்கனவே ரிஜிஸ்டர் பண்ணவங்க யாருன்னு சொல்லுவாங்க.

அடுத்தது லீட் கிட்ட சப்ஸ்டன்ஸ் ஐடென்டிட்டி ப்ரொஃபைல் (பொருள்ல என்னென்ன, எவ்வளவு இருக்குன்னு சொல்ற விவரம்) கேட்டு வாங்கி வரி வரியா ஒப்பிடுங்க. பொருளோட அடையாள எண்ணான காஸ் நம்பர் ஒண்ணா இருக்கேன்னு விட்றாதீங்க. உதாரணத்துக்கு அவங்க ப்ரொஃபைல்ல ப்யூரிட்டி 95 சதவீதத்துக்கு மேலன்னு இருக்கு, உங்களோடது 91, அதுல 4 சதவீதம் அவங்க லிஸ்ட்லயே இல்லாத ஒரு இம்ப்யூரிட்டின்னா, அவங்க பண்ண டெஸ்ட் உங்க பொருளுக்குப் பொருந்துமாங்குறதே சந்தேகம், அப்புறம் எதுக்கு காசு?

இப்போ காசு. எனக்கு ஒரு தடவ வந்த இன்வாய்ஸ் ஒரே ஒரு வரி, கீழ ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். ஐரோப்பிய யூனியனோட 2016/9 ரெகுலேஷன் இதுக்காகவே வந்தது: ஸ்டடி, அதாவது டெஸ்ட் பண்ண செலவு தனியா, நிர்வாகச் செலவு தனியா, ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டணும், பின்னாடி புதுசா ஆள் சேந்தா பணம் எப்படி திரும்பி வரும்னும் ஒப்பந்தத்துல இருக்கணும். உங்க டன்னேஜுக்கு தேவையான டேட்டாவுக்கு மட்டும் குடுத்தா போதும், 5 டன் இறக்குமதி பண்றவர் 1000 டன்காரருக்கான ஸ்டடிக்கு பங்கு குடுக்கவேண்டியதில்ல. இன்னொண்ணு பலர் மறந்துடுறாங்க, ரிஜிஸ்ட்ரேஷனுக்காக சமர்ப்பிச்சு 12 வருஷம் ஆன ஸ்டடி சம்மரிய அடுத்தவங்க ரிஜிஸ்ட்ரேஷனுக்கு சும்மாவே பயன்படுத்தலாம். 2010 நவம்பர்ல முடிஞ்ச முதல் ரிஜிஸ்ட்ரேஷன் கெடுவுக்கு சமர்ப்பிச்சதெல்லாம் 2022 நவம்பரோட அந்தக் கணக்குல வந்துடுச்சு. ஆனா எண்ணவேண்டியது சமர்ப்பிச்ச தேதியிலேர்ந்து, ஸ்டடி பண்ண தேதி இல்ல, பின்னாடி அப்டேட்ல சேத்த ஸ்டடிக்கு கணக்கு தனி.

முதுகெலும்புள்ள விலங்குல பண்ண டெஸ்ட் ஏற்கனவே இருந்தா அத நீங்க திரும்ப பண்ணக்கூடாது, கேட்டு வாங்கித்தான் ஆகணும், அவங்களும் பகிர்ந்துதான் ஆகணும். மத்த டேட்டா சொந்தமா வெச்சிருந்தா அந்தப் பகுதிக்கு மட்டும் ஆப்ட்-அவுட் போகலாம், அதாவது உங்க டேட்டாவ தனியா குடுக்கலாம், காரணம் எழுதணும், எல்லாரும் சேந்து சமர்ப்பிக்கிற ஜாயின்ட் சப்மிஷன்ல சேராம இருக்க மட்டும் முடியாது.

லெட்டர்ல கையெழுத்து போடும்போது "எந்த சட்டத்துக்கு" அப்டிங்குற வரிய தேடுங்க. பல லெட்டர்ல ஐரோப்பிய ரீச்சுக்கு மட்டும்தான்னு இருக்கும், 2021 ஜனவரிலேர்ந்து பிரிட்டனுக்கு ரீச் தனி, அதுக்கும் வேணும்னா இப்பவே பேசி எழுதி வாங்கிக்கோங்க. நீங்க வாங்குறது டேட்டாவ சுட்டிக்காட்டுற உரிமை, டேட்டா உங்க சொத்து ஆகாது.

பேசும்போது விலை, கஸ்டமர், சரியான உற்பத்தி அளவு இதெல்லாம் வாயத் தொறக்காதீங்க, எதிர்ல இருக்குறது போட்டிக் கம்பெனி, காம்பெடிஷன் சட்டம் குறுக்க வரும். டன்னேஜ் பேண்ட், அதாவது எத்தனை டன்லேர்ந்து எத்தனை டன் வரைக்குங்குற வரம்பு மட்டும் சொன்னா போதும்.

ஒத்து வரலைன்னா எக்கா கிட்ட டிஸ்ப்யூட் போடலாம், ஆனா விலை நியாயமான்னு அவங்க கணக்கு போட்டு சொல்லமாட்டாங்க, யார் உண்மையா முயற்சி பண்ணாங்கன்னுதான் பாப்பாங்க. அதனால போன்ல பேசினதையும் அன்னிக்கே மெயில்ல எழுதி அனுப்பிடுங்க.