மூன்றாம் நாள் ‘நெகட்டிவ்’

எச்ஐவி பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் புதிய தன்னார்வலர்கள் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பதினைந்து வருடத்துக்கு முன் நான் உளறியதையே உளறுகிறார்கள். ஆணுறை போடச் சொல்ல மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அது சுவரொட்டியிலேயே இருக்கிறது.

தேதி கேட்காமல் முடிவு சொல்வது

இதுதான் இன்னும் என் வயிற்றெரிச்சல். நான் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் தேக்கா பக்கம் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் வந்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரக் காத்திருப்பு, ஒரே கோடு. “நெகட்டிவ்ண்ணே, நிம்மதியாப் போங்க” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

“உறவு எப்ப நடந்துச்சுன்னு கேட்டியா?” என்றார் மூத்த ஆலோசகர். கேட்கவில்லை. ஆனால் அவராகவே சொல்லியிருந்தார்: “மூணு நாளாத் தூக்கமே இல்ல தம்பி.” அதை நான் புலம்பல் என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் தேதி.

விரல் நுனி டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அதை நம்ப மூன்று மாதம் ஆக வேண்டும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் புதிய வகை டெஸ்டுக்கும் 18 முதல் 45 நாள் தேவை. மூன்றாம் நாள் வரும் நெகட்டிவ், அந்த இரவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

அவருக்குத் தேவைப்பட்டது டெஸ்ட் அல்ல, மருந்து. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நானோ அவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பினேன். தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், மனைவிக்குக் கடத்தும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். பெயர் கேட்காத பரிசோதனை அது. போன் நம்பரும் இல்லை. திரும்பக் கூப்பிட வழியே இல்லை.

‘ஒரு தடவைதானே’

துணைக்கு எச்ஐவி இருந்து, சிகிச்சையும் இல்லை, ஆணுறையும் இல்லை என்றால், யோனிவழி உறவில் 10,000 முறைக்குப் பெண்ணுக்கு ஏறக்குறைய 8 முறை தொற்றலாம், ஆணுக்கு 4. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். அது சராசரி. பால்வினை நோய்ப் புண் இருந்தால், துணைக்குப் புதிதாகத் தொற்றியிருந்தால், கணக்கு பல மடங்கு ஏறும். பாதியைச் சொல்வதற்குப் பதில் எண்ணையே சொல்லாதீர்கள்.

‘பார்த்தாலே தெரியும்’

தெரியாது.

‘பெர்மிட் மெடிக்கல்ல பாஸ் ஆயிட்டேன்’

வேலை பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் எடுத்த அன்றோடு அதன் கதை முடிந்தது.

தம்பதியைப் பிரிப்பது

கணவருக்கு எச்ஐவி, மனைவிக்கு இல்லை. போன மாதம் ஒரு புதியவர் அவர்களிடம், “இனிமே தனித்தனியாப் படுத்துக்குங்க” என்றார். தொற்றுள்ளவர் சிகிச்சை மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி ஆறு மாதம் அப்படியே நின்றால், உடலுறவில் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 ஜோடிகளை 9 நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிகள். சென்னையும் ஒரு மையம். மருந்தைத் தள்ளிப்போட்டவர்களோடு ஒப்பிட்டால், உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்திருந்தது.

பயிற்சி நேரத்தில் குறுக்கே பேசுவது என் வழக்கமில்லை. அன்று பேசினேன். அந்த அம்மா கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப பிள்ளை பெத்துக்கலாமா?”

பெத்துக்கலாம் என்றேன்.